பாதியில் நின்ற வீடியோ

அவன் என் பையன்தான் அக்கா. நான் பெற்ற பிள்ளைதான். சத்தம் போடாதீங்க, கண்டக்டரைக் கூப்பிட வேண்டாம். நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அப்புறம் கூப்பிடுங்க.

நான் நின்றுகொண்டு வந்தேன், கையில் பிள்ளை. நீங்களாகத்தான் ‘இங்க குடு கண்ணு’ என்று மடியில் வாங்கினீங்க. உங்க மடிக்கு வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டான். நான் கையை நீட்டினால் வீறிடுகிறான். மல்லசமுத்திரம் தாண்டினோம். அப்புறம் என் முகத்தைப் பார்த்தீங்க, போனைப் பார்த்தீங்க, மறுபடியும் என் முகத்தைப் பார்த்தீங்க. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

உங்க போனில் என்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும் அக்கா. ‘பஸ்ஸில் பிள்ளை பிடிக்கும் பெண்! உங்கள் ஊருக்குள் வந்துவிட்டாள்! உடனே பகிரவும்!’ எனக்கும் போன வாரம் வந்தது. அந்தப் பொம்பளை மஞ்சள் சேலை. நானும் இன்றைக்கு மஞ்சள் சேலை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பேர் கேட்டீங்க. தர்ஷித் என்றேன். நீங்க அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க, அவன் திரும்பவே இல்லை. திரும்ப மாட்டான். ‘தவுடு’ என்று கூப்பிட்டுப் பாருங்க. கூப்பிடுங்க, சும்மா. பார்த்தீங்களா, திரும்பினானா? ஆனாலும் அவன் பேர் தர்ஷித்தான். தடுப்பூசி அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. அட்டை வீட்டில் இருக்கிறது. போன் இல்லை, அது கடையில் இருக்கிறது. காலில் செருப்பும் இல்லை. நீங்க சந்தேகப்படுவதில் தப்பே இல்லை அக்கா, என்னை நானே பார்த்தால் எனக்கும் சந்தேகம்தான் வரும்.

என் பேர் இந்துமதி. எட்டாவது வரைக்கும் படித்தேன். வீடு திருச்செங்கோட்டில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாப். அவர் பேர் லோகநாதன், ரிக் வண்டியில் வேலை. போர் போடுகிற வண்டி. நம்ம பக்கத்து ஆம்பளைகள் பாதிப்பேர் அதில்தானே இருக்காங்க. மழைக்கு ஊருக்கு வருவாங்க, மழை விட்டால் வடக்கே போய்விடுவாங்க. இப்போது சத்தீஸ்கரில் இருக்கார்.

எனக்கு ஆட்களிடம் பேச வராது. ரேசன் கடையில் எடை குறைந்தால்கூடக் கேட்க மாட்டேன், வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இன்றைக்கு இவ்வளவு பேசுகிறேன் என்றால், நீங்க அவனை இறுக்கிப் பிடித்திருக்கிற பிடியைப் பார்த்துத்தான்.

தர்ஷித் சித்திரையில் பிறந்தான். ஆரம்பம் அதுதான். சித்திரையில் பிறந்த ஆண் பிள்ளை அப்பனுக்கு ஆகாது என்பாங்க, உங்களுக்குத் தெரியாததா. ஆனால் அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போனில் சிரித்தார். ‘மாம்பழம் திங்கற மாசமாப் பாத்துப் பொறந்திருக்கறான், கெட்டிக்காரன்’ என்றார். ஆனியில் ஊருக்கு வந்தார், ஆவணி கடைசி வரைக்கும் இருந்தார். பையனை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவார். அப்புறம் கிளம்பிவிட்டார்.

புரட்டாசியில் ஒரு நாள் மத்தியானம் நங்கை ஒரு வீடியோ அனுப்பினாங்க. நங்கை என்றால் அவருடைய அண்ணன் சம்சாரம். பரிமளம் என்று பேர். காளிப்பட்டியில் இருக்காங்க. கல்யாணமாகிப் பதினாலு வருசம், பிள்ளை இல்லை. என் மேல் உயிர் அக்கா. எனக்கு மாமியார் இல்லை, அம்மாவும் இல்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நங்கைதான். நர்ஸ் கையிலிருந்து இவனை முதலில் வாங்கினதும் அவங்கதான்.

வீடியோ ஓடுவதற்கு முன்னால் ஒரு படம் நிற்குமே, அதைச் சொல்கிறேன். ஒரு பக்கம் தொட்டில். இன்னொரு பக்கம் மாலை போட்ட ஓர் ஆம்பளை போட்டோ, முகத்தை மட்டும் மறைத்திருந்தாங்க. நடுவில் பெரிதாக ஓர் அம்புக்குறி. ‘சித்திரைக் குழந்தை! தந்தையின் உயிருக்கு 48 நாள் கெடு! கடைசி வரை பாருங்கள்!’ முகத்தை மறைத்திருந்தாங்க பாருங்க, அதனால்தான் அங்கே எனக்கு அவர் முகம் தெரிந்தது. முகம் இருந்திருந்தால் யாரோ என்று விட்டிருப்பேன்.

தொட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

நெற்றி நிறைய விபூதி பூசின ஒருத்தர் வந்தார். முதல் மூன்று நிமிடம் அவர் சேனலைப் பற்றியே பேசினார். பெல்லை அழுத்துங்கள் என்றார். அப்புறம் ஒரு கதை. ஓர் ஊரில் ஒரு டிரைவர், அவருக்குச் சித்திரையில் ஒரு பிள்ளை, நாற்பத்தெட்டாம் நாள் என்று சொல்லி நிறுத்தினார். அந்த இடத்தில் ஒரு மியூசிக் போட்டாங்க, நான் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு பரிகாரம் சொன்னார். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டுமாம்.

நம்ம பக்கத்தில் உள்ளதுதானே அது. ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது. அன்றைக்கிலிருந்து அது அந்த வீட்டுப் பிள்ளை, இந்த வீட்டுத் தோசம் அதைத் தொடாது. எங்க சின்ன மாமாவைக்கூட அப்படிக் கொடுத்ததுதான். இன்றைக்கும் அவர் பேர் தவுட்டான். ஆனால் அவரைக் கொடுத்த அரை மணி நேரத்தில் திருப்பி வாங்கிவந்துவிட்டாங்க, சும்மா ஒரு சாங்கியத்துக்கு. இந்த வீடியோக்காரர், அப்படிச் செய்தால் பலிக்காது என்றார். நாற்பத்தெட்டு நாளும் பிள்ளை அங்கேயே இருக்க வேண்டும். பெற்றவள் முகம் படக்கூடாது. அப்பனிடம் காரணத்தைச் சொல்லக்கூடாது. சொன்னால்...

சொன்னால் என்ன ஆகும் என்பதற்குள் வீடியோ நின்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. அன்றைய நெட் தீர்ந்துவிட்டது. என் நெட் பேக் ஒரு நாளைக்கு ஒரு ஜிபிதான். காலையில் அவர் வீடியோ காலில் வந்து, பையன் குப்புற விழுவதைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார். அதிலேயே போய்விட்டது.

உடனே நங்கைக்குப் போன் போட்டேன்.

‘நங்கையா, அந்த வீடியோ...’

‘பாத்தியா சாமி? நானும் பாத்துப்போட்டு ஒரு வாய் சோறு எறங்குல.’

‘முழுசும் பாக்குலீங். நெட்டு தீந்துபோச்சுங். கடைசில என்னுங் சொல்றாரு?’

‘கடைசில என்னத்தச் சொல்றான், அதையேதான் சொல்றான். இந்த வெள்ளி நல்ல நாளு. எங்கூட்டுல தவுடு இருக்குது. உம்பட பையன நாம் பாத்துக்கறேன். நீ வெசனப்படாத.’

அவங்க வீட்டில் வைஃபை இருக்கிறது அக்கா. மூத்தார், அதான் நங்கை வீட்டுக்காரர், கேபிள் கனெக்சன் கொடுக்கிறவர். பெரிய டிவியிலேயே எல்லா வீடியோவும் ஓடும். என்னைப் போல நெட்டுக்குத் திண்டாட்டம் கிடையாது. அதனால் அவங்க சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வண்டியில் இரண்டு பேரும் வந்தாங்க. புது முறம், புதுத் துண்டு, தவிடு. ‘வயிறு நெறயப் பால் குடு, தூங்கட்டும். அப்பத்தான் ஏங்க மாட்டான்’ என்றாங்க நங்கை. கொடுத்தேன். தூங்கிவிட்டான். தவிட்டை என் மடியில் கொட்டினாங்க. ‘தவுட்டுக்கு வாங்கிட்டேன், இனி எம் பிள்ளை’ என்று மூன்று தரம் சொன்னாங்க. நான் ‘உங்க பிள்ளை’ என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தலையை ஆட்டினேன்.

‘தலையாட்டுனா ஆவாது இந்து. சொல்லு.’

சொன்னேன். மூத்தார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மூன்று நாள் காய்ச்சல் எனக்கு, பால் கட்டிக்கொண்டு. பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினேன். நங்கைதான் போனில் யோசனை சொன்னாங்க. ஒரு வாரத்தில் பால் நின்றுவிட்டது.

தினமும் போட்டோ அனுப்புவாங்க. முகம் இருக்காது. ‘மொகம் வேண்டாஞ் சாமி, கையப் பாரு, எப்பிடிக் கொழுகொழுனு ஆயிட்டான்’ என்பாங்க. ஒரு நாள் கை வரும், ஒரு நாள் கால் வரும். ஒரு தரம் காது மட்டும் வந்தது. எவ்வளவு கவனம் பாருங்க. எனக்குக்கூட அவ்வளவு தோன்றியிருக்காது.

அவர் கேட்டார். ‘ஏம்புள்ள, நான் கூப்புடறப்பெல்லாம் பையன் தூங்கறான் தூங்கறான்ங்கறயே, ராத்திரியும் பகலுமா தூங்கறான்?’

‘நங்கையா ஊட்டுல இருக்கறானுங். எனக்கு மேலுக்கு முடியலீங்.’

‘அண்ணிகிட்டயா? அப்பச் செரி. உன்னயவிட நல்லாவே பாத்துக்கும்.’

காரணம் சொல்லக்கூடாதே. உங்க உயிரைக் காப்பாற்றத்தான் என்று சொல்லவும் முடியாமல், அவர் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

நாற்பத்தேழாம் நாள். பை எடுத்து வைத்துவிட்டேன், இவனுக்கு ஒரு புதுச் சட்டைகூட. சாயங்காலம் போனைத் திறந்தால் ஒரு படம். ‘48 நாள் போதாது! நூற்றுக்குத் தொண்ணூறு தாய்மார்கள் செய்யும் அந்த ஒரு தவறு!’ என் பேர் ஒன்றுதான் அதில் இல்லை. நங்கையும் அதையே அனுப்பியிருந்தாங்க. அப்புறம் மார்கழியில் எடுக்கக் கூடாது என்று ஒன்று. தை பிறந்ததும், பிள்ளைக்கு ஒரு வயது முடியும் வரை தொடக்கூடாது என்று ஒன்று. ஒவ்வொன்றையும் தொட்டேன். ஒவ்வொன்றும் பாதியில் நின்றது. தீர்ந்துபோன நெட்டுக்கு நங்கை மிச்சத்தைச் சொல்லிவிடுவாங்க.

தைப்பூசத்துக்குக் காளிப்பட்டிக் கோயிலில் கூட்டம். கூட்டத்தில் யாருக்குத் தெரியப் போகிறது என்று போனேன். தூரத்தில் நங்கை இடுப்பில் உட்கார்ந்திருந்தான், மொட்டை போட்டிருந்தாங்க. அவன் திரும்புவதற்குள் நான் திரும்பிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அவரிடமிருந்து போன். போர் வண்டியில் ராடு மாட்டும்போது இரண்டு விரல் நசுங்கிவிட்டதாம். கட்டுப் போட்ட கையைக் காட்டிக்கொண்டு, ‘ஒண்ணுமில்ல புள்ள’ என்று சிரிக்கிறார்.

நான் நங்கையிடம் ஒப்புக்கொண்டேன்.

‘மொகத்தப் பாத்தியா? நெசத்தச் சொல்லு.’

‘முதுகத்தானுங் பாத்தேன்.’

‘முதுகு மட்டும் ஆருது? இன்னி இந்தப் பக்கமே வராத.’

போகவில்லை அக்கா. இரண்டு மாதம் போகவில்லை. எனக்கு அவரும் வேண்டும், இவனும் வேண்டும். அந்த வீடியோ ஒருத்தரைக் காட்டி இன்னொருத்தரைப் பிடுங்குகிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இன்றைக்குக் காலையில் ரீசார்ஜ் பண்ணப் போனேன். எங்க ஸ்டாப்பில் ஒரு சின்னக் கடை, ரிஸ்வானா என்று ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். என்னைவிட இரண்டு வயது சின்னது. போன் சுற்றிக்கொண்டே நிற்கிறது, பாரு என்று கொடுத்தேன். திறந்து பார்த்தது.

‘ஏனுங்க்கா, இதென்ன உங்க போனு? பூரா எழவு வீடா இருக்குது?’

வரிசையாக அதே படங்கள். தொட்டில், மாலை, அம்புக்குறி, அழுகிற பொம்பளை. நான் தேடாமலே வந்து நிற்கிறது என்றேன். போனுக்கு எல்லாம் தெரிகிறது என்றேன்.

‘போனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீங்க ஒண்ணத் தொட்டீங்கன்னா, இந்தம்மா இதுக்குத்தான் பயப்படுதுனு அதே மாதிரி நூறு கொண்டாந்து கொட்டும்.’

என் முகம் ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். என்னக்கா, என்னக்கா என்று கேட்டது. யாரிடமும் சொல்லாததை அதனிடம் சொன்னேன். அது உடனே கடை வைஃபையில் போட்டு அந்த முதல் வீடியோவைத் தேடி எடுத்தது. பத்தொன்பது நிமிட வீடியோ. எனக்கு ஒன்பதாவது நிமிடத்தில் நின்றிருக்கிறது. விரலால் கடைசிக்குத் தள்ளியது.

அதே விபூதிக்காரர். சிரித்துக்கொண்டு இருக்கார் அக்கா. ‘இப்படியெல்லாம் சொல்லிச் சிலர் உங்களைப் பயமுறுத்துவார்கள். நம்ப வேண்டாம். பெற்ற பிள்ளையால் எந்தத் தகப்பனுக்கும் கேடு வராது. இந்த நல்ல செய்தியை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.’ கையைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு தரம் போடச் சொன்னேன். இன்னொரு தரம். மூன்றாவது தரம் அந்தப் பிள்ளை என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டது.

‘தலைப்புல கொல்லுவான், கடைசில பொழைக்க வெச்சுருவான், நடுவுல நாலு வெளம்பரம். அவ்வளவுதான்க்கா அவனோட பொழப்பு. செத்த டிரைவருக்குப் பேரு சொன்னானா? ஊரு சொன்னானா? எந்த வருசம்? ஒண்ணாச்சும் சொன்னானா? சொல்ல மாட்டான். சொன்னா நீங்க போயி விசாரிச்சுருவீங்க. ஒரு படத்தப் பாத்ததும் நெஞ்சு படபடனு அடிச்சா, வெரலப் பொறகால கட்டிக்கோணும்.’

விரலைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இது எனக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால்.

போனை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். காளிப்பட்டியில் இறங்கி அவங்க வீட்டுக்குள் போனால், நங்கை பின்னால் துணி துவைத்துக்கொண்டு இருக்காங்க, சத்தம் கேட்கிறது. இவன் முன் அறையில் தொட்டிலில் கிடக்கிறான், விழித்துக்கொண்டு. ‘நங்கையா’ என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் அவங்க வருவாங்க, ஏதாவது சொல்வாங்க, நான் சரி என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். தூக்கினேன், வந்துவிட்டேன். வாசலில் விட்ட செருப்பைப் போடக்கூட நிற்கவில்லை.

சொல்லிக்கொள்ளாமல் வந்தது தப்புதான். அவங்க மனசு என்ன பாடுபடும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

என்ன கேட்கிறீங்க? ஆமாம், முதல் வீடியோவும் நங்கைதான் அனுப்பினது. எல்லாமே அவங்கதான். கடைசி வரை பார்க்கவில்லையா என்றால், அவங்களும் பாதிதான் பார்த்திருக்க வேண்டும், பாவம். இல்லாவிட்டால் என்னிடம் சொல்லியிருப்பாங்களே? ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீங்க?

சரி, நான் சொல்வதை நம்ப வேண்டாம். உங்க போனில் இருக்கிற அந்தப் பிள்ளை பிடிக்கிறவள் படத்தையும் நம்ப வேண்டாம். எந்த ஊர் பஸ் என்று அதில் போட்டிருக்கிறதா, பாருங்க. பிள்ளையைப் பறிகொடுத்தவங்க பேர் இருக்கிறதா? தேதி? இல்லையா? போன வாரம் எனக்கு வந்ததிலும் இல்லை. நான் அதை மூன்று பேருக்கு அனுப்பினேன், எனக்கென்ன தெரிந்தது.

நங்கையிடமே கேளுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம். சொல்கிறேன், அடியுங்க. அவங்க ஒரு வார்த்தை சொன்னால் உங்களுக்கு நிம்மதி. எனக்காக உயிரையே கொடுப்பாங்க அவங்க.

அடிக்கிறதா? ஸ்பீக்கரில் போடாதீங்க, எல்லோரும் பார்க்கிறாங்க.

எடுத்துவிட்டாங்களா? பிள்ளையோடு ஒரு பொம்பளை என்று சொன்னீங்களே, என்ன சொல்றாங்க?

‘ஐயோ எம் பையன், அவளப் புடிச்சு வைங்க, உட்ராதீங்க’ன்னா?

அழறாங்களா?

இல்லை அக்கா, அவங்க பொய் சொல்லவில்லை. தவிட்டுக்கு வாங்கினவங்க அப்படித்தான் சொல்ல வேண்டும். முறை அது. அண்ணா, கண்டக்டர் அண்ணா, விசில் அடிக்காதீங்க, ஸ்டேசனுக்கு எல்லாம் வேண்டாம். ஒரு நிமிசம். அக்கா, என் பேரைச் சொல்லுங்க. யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டாங்க என்று பதறியிருப்பாங்க, தூக்கினது நான் என்று அவங்களுக்குத் தெரியாது. இந்து என்று சொல்லுங்க. திருச்செங்கோட்டு இந்து.

சொன்னீங்களா?

ஒன்றும் பேசவில்லையா. லைன் கட்டாகிவிட்டதா? இல்லையா? மூச்சு மட்டும் கேட்கிறதா?

அவங்களிடம் இதைச் சொல்லுங்க அக்கா. அந்த வீடியோவை இந்து கடைசி வரைக்கும் பார்த்துவிட்டாள் என்று சொல்லுங்க. ஒரு கேடும் கிடையாதாம், கடைசியில் அவரே சொல்கிறார் என்று சொல்லுங்க. அவங்களுக்கும் மனசு ஆறும். எத்தனை நாள் என்னோடு சேர்ந்து பயந்தாங்க.

கேட்டாங்களா? என்ன?

இடது இடுப்பா?

மெதுவாகச் சொல்லுங்க, என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. இடது பக்க இடுப்பில், வெளியே பார்க்கிற மாதிரி வைக்க வேண்டுமா? நெஞ்சோடு அணைத்தால் அழுவானா? அப்புறம்? அப்புறம் முதுகில் தட்டக் கூடாது, தொடையில் தட்ட வேண்டும். அப்புறம்?

வைத்துவிட்டாங்களா.

என்னிடம் பேச வேண்டும் என்று சொல்லவில்லையா? சரி. பரவாயில்லை. ஈரக் கையோடு இருந்திருப்பாங்க.

கொடுங்க அக்கா. இப்போது கொடுப்பீங்கதானே? இப்படி, இடது பக்கம். வெளியே பார்க்கிற மாதிரி. அழுதுகொள்ளட்டும், பரவாயில்லை. வா சாமி. தவுடு, வாடா. தொடையில்தானே? இதோ, தட்டுகிறேன். பாருங்க, குறைகிறது. கண்டக்டர் அண்ணன் பையைப் பார்க்கிறான். பைக்குள் சில்லறை குலுங்குகிற சத்தம் இவனுக்குப் பிடிக்கிறது போல. இவ்வளவு கனம் ஆகிவிட்டான். போட்டோவில் கனம் தெரியவில்லை.

எப்படிப்பட்ட மனுசி பாருங்க. அந்த நேரத்திலும் பிள்ளை அழக்கூடாது என்றுதான் நினைக்கிறாங்க.

உட்காருங்க, நீங்க ஏன் எழுந்திருக்கிறீங்க? நான் நின்றுகொள்கிறேன். ஏன் இன்னும் போனையே பார்த்துக்கொண்டு இருக்கிறீங்க? மறுபடி கூப்பிடுகிறாங்களா?

இல்லையா. என்ன அக்கா?

யார் படம்?

என் படமா?

எப்போது எடுத்தீங்க? நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அப்போதா. இவன் என்னைப் பார்த்து அழும்போதா. எங்கே அனுப்பினீங்க? மகளிர் குழுவுக்கா. எத்தனை பேர் அதில்?

அழித்துவிட்டீங்களா. சரி. எல்லோருக்கும் அழிகிற மாதிரிதானே? முப்பத்தேழு பேர் பார்த்துவிட்டாங்களா. பார்த்துவிட்டுப் போகட்டும். என்ன? அங்கிருந்து வேறு குரூப்புக்குப் போய்விட்டதா? யாரோ உங்களுக்கே திருப்பி அனுப்பியிருக்காங்களா? அதில் என்ன எழுதியிருக்கிறது? படிங்க. பரவாயில்லை, படிங்க.

‘சற்று முன். திருச்செங்கோடு டவுன் பஸ்சில் பிள்ளையோடு சிக்கிய பெண். உங்கள் பகுதியில் இறங்கலாம். உஷார்.’

நான் எங்கே சிக்கினேன்?

அழாதீங்க அக்கா. நீங்க என்ன செய்வீங்க. பிள்ளை அழுதான், பயந்துவிட்டீங்க. நெஞ்சு படபடவென்று அடித்திருக்கும். எனக்கும் அப்படித்தான் அடித்தது. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை எனக்கு.

அடுத்தது என் ஸ்டாப். இறங்கினால் வீட்டுக்கு ஆறு நிமிட நடை. ஒரு டீக்கடை, ஒரு பேக்கரி, அப்புறம் வரிசையாகத் தறிப்பட்டறை. எல்லாரிடமும் போன் இருக்கிறது. மூன்று வருசமாக அந்தத் தெருவில் தலையைக் குனிந்துகொண்டே நடந்திருக்கிறேன், என் முகம் பாதிப்பேருக்குத் தெரியாது. சேலைதான் தெரியும். இன்றைக்கு இவன் வழியெல்லாம் அழுதால்...

உங்களிடம் ஒன்று கேட்கலாமா?

எனக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. நீங்க எங்கே போகணுமோ தெரியாது, நேரமாகிவிடுமோ தெரியாது. என்னோடு இறங்குவீங்களா? வீடு வரைக்கும். உள்ளே வந்து அட்டையைப் பார்த்துவிட்டு, அதையும் ஒரு படம் எடுத்து, அனுப்பின அத்தனை பேருக்கும் அனுப்புங்க. அதை எத்தனை பேர் தொடுவாங்களோ. ஆனாலும் அனுப்புங்க.

உங்க கூடையை எடுத்துவிட்டீங்களா.

அண்ணா, தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேர் இறங்கணும். நீங்க முதலில் இறங்குங்க அக்கா. படி உயரம், பார்த்து. இறங்கிவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கோங்க. எனக்கு இரண்டு கையும் இவனுக்கு வேண்டும்.